பள்ளியும் ஹள்ளியும்: மொழிகள் திரியுமாறு

நம் சைவப் பாடசாலைகளிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களை மாணாக்கர் அடிக்கடி வினாவும் வினாக்கள் இரண்டுள. "ஐயா, தமிழே எல்லாப் பாஷைகளுக்குந் தாய் என்கின்றார்களே, எட்டு என்னுஞ் சொல்லே ஆங்கிலத்தில் எய்ட் ஆயிற்றாமே, மெய்தானா?" என்பது ஒன்று. "ஐயா, நாங்கள் வீட்டிலே பேசுந் தமிழ் பிழையான தமிழா?" என்பது மற்றொன்று. முன்னதற்கும் ஆம் என்று சொல்லிப் பின்னதற்கும் ஆம் என்று சொல்லி மேலே பாடத்தை நடாத்துதல் எளிது. பலர் அவ்வாறே செய்கின்றனர். அவ்விரண்டு விடைகளும் பொருந்தாதன. பொருந்தாமையை அறிதற்கு, மொழிகள் காலந்தோறுந் திரிந்து வரும் முறைமையையும், அத்திரிபை மொழிநூலார் ஆராயும் வழியையும் ஆசிரியர் ஒருசிறிது அறிந்திருத்தல் வேண்டும். இப்பொருளைப் பொதுவகையாற் கூறப்புகின் கைக்குள் அகப்படாது நழுவும். ஆதலின் ஓரெழுத்தின் வரலாற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு அதன் பின்னே செல்வாம். அவ்வெழுத்துப் பகரம்.

நாடோறும் நம் வாயில் வழங்குஞ் சொற்களுள் ஒன்று பள்ளிக்கூடம். இதன் முற்பகுதியாகிய பள்ளி என்பது சிற்றூர், படுக்கை, துறவோர் உறையுள், கல்வி பயிலிடம் எனப் பல பொருள்படும். கன்னட நாட்டின் படத்தை விரித்து நோக்குவார்க்கு ஹள்ளி என முடியும் ஊர்ப்பெயர்கள் மிகப்பல தோன்றும். ஹள்ளி என்பது அந்நாட்டார்க்குச் சிற்றூர். தெலுங்கர் சிற்றூரைப் பல்லெ என்பர். பள்ளியும் ஹள்ளியும் ஒரு சொல்லே என்று நாம் சொன்னால் மாணாக்கன் அதனை உடனே நம்பவேண்டுமென்னும் நியதியில்லை. ஓரிணைச் சொற்கள் ஒத்திருத்தல் தற்செயலாலுங் கூடும். ஆகவே இன்னுஞ் சிலவற்றை நிரலே காண்க. நாம் பால் என்பதைக் கன்னடர் ஹாலு என்பர். நம் பல் அவர்க்கு ஹல்லு, பத்து, ஹத்து, பாம்பு, ஹாவு, புலி, ஹுலி, பூ, ஹூவு, பெண், ஹெண்ணு, பொன், ஹொன்னு, பன்றி, ஹந்தி, பட்டி, ஹட்டி, பெயர், ஹெசரு, பசி, ஹசிவு, போ என்னும் வினையும் ஹோகு. இவற்றுட் பலவற்றிற்குத் தெலுங்கரும் மலையாளரும் நம்மைப் போலப் பகரத்தையே சொல்லுவர்: பாலு, பாமு, புலி, பூவு என்பன தெலுங்கு, பால், பாம்பு, புலி, பூவு என்பன மலையாளம்.

இங்கே நோக்கத்தக்கது ஒற்றுமையன்று, வேற்றுமையின் ஒழுங்கு. பாலும் ஹாலுவும் ஒலியால் அத்துணை நெருங்கியன அல்ல. ஆயினும் நம் பகரம் நின்ற இடத்தில் அவர் ஹகரம் நிற்றல் பாலில் மாத்திரமன்றிப் பல்லிலும் பாம்பிலும் புலியிலும் பொன்னிலும் ஒருபடித்தாய் வருகின்றது. தற்செயல் இவ்வாறு வரிசை பிடித்து வருவதில்லை. மொழிநூலார் உறவு காட்டும் பிரமாணம் இதுவே. இரண்டு மொழிகளிற் சொற்கள் ஒத்திருக்கின்றனவா என்று அவர் வினவார். ஒவ்வாமை ஒரு விதிக்கு அடங்கி நிற்கின்றதா என்றே வினவுவர்.

விதி என்றமையால் அதற்கு எல்லையும் உண்டு. கன்னடத்திலே பகரம் எவ்விடத்தும் ஹகரமாயிற்றில்லை. உப்பு அங்கும் உப்பு. தப்பு அங்கும் தப்பு. மொழிமுதலில் நின்ற பகரமே திரிந்தது. இரட்டித்து நின்றதும் மெல்லினத்தை அடுத்து நின்றதும் அவ்வாறு திரியவில்லை. இதனை ஒரே சொல்லிற் காட்டவல்லது, விரூபாட்சர் கோயில் கொண்டருளிய ஹம்பி. பம்பை என்பது துங்கபத்திரை நதியின் பழம்பெயர். தலத்தின் பெயர் அதனினின்றும் வந்தது. முதற்கண் நின்ற பகரம் ஹகரமாயிற்று. மகரத்தை அடுத்து நின்ற பகரமோ இருந்தபடியே இருக்கின்றது. நன்னூல் படிப்பிக்கும் நமக்கு இது புதியதன்று. மொழிமுதல், இடை, கடை என்று இடம் வகுத்தும், வருமொழி நிலைமொழி நோக்கியும் திரிபுக்கு விதி கூறுதல் நம் இலக்கணத்தின் இயல்பே. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரம் மூன்றையும் நாம் இரு சொற்கள் புணருமிடத்திலே கற்பிக்கின்றோம். அவை ஒரு சொல் ஒரு தலைமுறையினின்று மறுதலைமுறைக்குச் செல்லும் வழியிலும் நிகழுகின்றன என்று அறிந்து கொண்டால் மொழிநூலின் வாயிலை அடைந்தவராவோம்.

இனி, பகரம் முந்தியதோ ஹகரம் முந்தியதோ எனின், மற்றை மூன்று மொழிகளும் பகரத்தைக் காட்டுதல் ஒரு சான்று. அதனினும் வலிய சான்று கல்லிலே கிடைக்கின்றது. அக்காலத்து மைசூர் இராச்சியமாயிருந்து இப்பொழுது கர்நாடகம் எனப்படும் நாட்டிலே, ஹாசன் மாவட்டத்தில், ஹல்மிடி என்னும் சிற்றூருண்டு. அங்கே 1936ஆம் ஆண்டிலே எம். எச். கிருஷ்ணா என்னும் தொல்பொருளாராய்ச்சியாளர் ஒரு கற்சாசனத்தைக் கண்டெடுத்தார். கன்னட மொழியிலுள்ள மிகப் பழைய சாசனங்களுள் ஒன்றாகிய அது 5ஆம் நூற்றாண்டினது என்பர் பலர். அதன்கண் அவ்வூரின் பெயர் பல்மடி எனப் பகரத்தை முதலாகக்கொண்டு பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஊரும் அதுவே, கல்லும் அவ்வூர்க் கல்லே, ஊரார் வாயில் மாத்திரம் பகரம் ஹகரமாயிற்று. 10ஆம் நூற்றாண்டிலே காவியஞ் செய்த பம்பகவி பகரத்தையே எழுதினார். அந்நூற்றாண்டு முதலாகச் சாசனங்களிலே ஹகரம் இடையிடையே தலைகாட்டி, 14ஆம் நூற்றாண்டளவில் நாட்டுவழக்குச் சொற்களிற் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. நானூறு ஆண்டுகள் என்பது ஏறக்குறைய பதினாறு தலைமுறை. எந்தப் பேரனும் தன் பாட்டன் வேறு மொழி பேசினான் என்று எண்ணியிரான். மொழி திரியுங்கால் அதனைப் பேசுவோர் பெரும்பாலும் உணர்வதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு விதி காலத்தோடு கூடி நிற்றலின், அது பிற சொற்களின் வயதை அளக்குங் கோலாகவும் பயன்படும். திருவிழாவைக் கன்னடர் ஹப்ப என்பர். இது பர்வம் என்னும் வடசொல்லின் பிராகிருத வடிவாகிய பப்ப என்பதன் திரிபு. பறவையைக் குறிக்கும் ஹக்கி என்பதும் அவ்வாறே பக்கி என்பதினின்றும் வந்தது. இவை வடபுலத்துச் சொற்களேயாயினும், திரிபு நிகழுமுன்னரே கன்னடத்திற் குடிபுகுந்து ஊராரோடு ஊராராய்க் கலந்தமையாற் பகரத்தை இழந்தன. பௌர்ணமியைக் கூறும் ஹுண்ணிமெ என்பதும் அவ்வினத்தது. அதனோடு, பூர்ணிமெ என்னும் வடிவும் அம்மொழியில் வழங்குகின்றது. இரண்டும் ஒரே வடசொல்லின் மக்கள். பகரங் கெடாத பின்னையது கற்றோர் நூலினின்றும் மீட்டும் எடுத்து வழங்கியது. சாசனமும் ஏடும் ஒன்றும் இல்லாவிடினும், எது முன் வந்தது எது பின் வந்தது என்று ஒலியே சாட்சி சொல்லுகின்றது.

பகரம் ஏன் இவ்வாறு தளர்ந்தது? பகரம் பிறத்தற்கு இதழ் இரண்டும் முற்றப் பொருந்தல் வேண்டும் என்பது நாம் எழுத்தியலிற் கற்பிப்பது. பொருத்தம் சிறிது நெகிழ்ந்தால் மூச்சு இதழிடையே உரசிச் செல்லும். இன்னும் நெகிழ்ந்தால் இதழின் தொழில் ஒழிந்து மூச்சு மாத்திரம் எஞ்சும். அம்மூச்சே ஹகரம். அதுவும் ஒழிதல் கூடும். கன்னட நாட்டுக் கிராமவாசிகள் பலர் இப்பொழுது ஹாலு என்பதை ஆலு என்றே சொல்லுகின்றனர். திரிதல் முடிந்து கெடுதல் தொடங்கியது.

இது கன்னடர்க்கு மாத்திரம் உரிய விகாரமுமன்று. அவர்களோடு உறவில்லாத ஐரோப்பிய, ஆசிய மொழிகள் சிலவற்றிலும் பகரம் இதே படிகளில் இறங்கியிருக்கின்றது. தந்தையை வடமொழியார் பிதா என்றும், இலத்தீன் மொழியார் பாத்தெர் என்றுங் கூறினர். ஆங்கிலேயர் ஃபாதர் என்பர், இதழ் நெகிழ்ந்தது. ஆர்மேனியர் ஹைர் என்பர், மூச்சே எஞ்சியது. ஐரிஷ்காரர் வாயிற் பகரம் முற்றுங் கெட்டு, அச்சொல் அகரத்தை முதலாக உடையதாயிற்று. மனிதர்க்கு வாயும் இதழும் ஒரு தன்மையவாதலின், உறவில்லாத மொழிகளும் ஒரே வழியில் நடத்தல் உண்டு. ஆகையாற்றான் ஹகரம் வந்தமை மாத்திரம் பற்றிக் கன்னடத்தையும் ஆர்மேனிய மொழியையும் உறவென்று எவருஞ் சொல்லுவதில்லை.

வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் ஒரு மூலத்தினின்றும் பிறந்தனவாதல் வேண்டுமென்று 1786ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்னும் நியாயாதிபதி கூறினார். பிதா என்பதன் பகரம் ஃபாதர் என்பதில் நெகிழ்ந்தமை தனிச்சொல்லின் விபரீதமன்று, செருமானிய இனத்து மொழிகளெல்லாவற்றிற்கும் உரிய விதி என்று 1822இல் நிரல்படுத்திக் காட்டினார் யாக்கோப் கிரிம். டென்மார்க்குத் தேசத்து ராஸ்க் என்பார் அதனை 1818இலேயே கண்டு எழுதியிருந்தார். எனினும் அவ்விதிக்கு அடங்காத சொற்கள் சில எஞ்சிநின்றன. அவற்றை விலக்கென்று தள்ளிவிட ஒருவர்க்கு மனம் வரவில்லை. அவர் கார்ல் வெர்னர். அவர் கண்டது நம்மனோர்க்கு மிகவும் இனிப்பது. ஆதலிற் சிறிது விரித்துரைப்பாம்.

பிதா, ப்ராதா என்னும் இரண்டு வடசொற்களிலும் தகரம் ஒன்றே. செருமானியரோ தந்தையை ஃபாட்டர் என்னுஞ் சொல்லிலே நம் பட்டம் என்பதிற்போல வலித்த டகரத்தாலும், சகோதரனை ப்ரூடர் என்னுஞ் சொல்லிலே நம் பாடம் என்பதிற்போல மெலிந்த டகரத்தாலுங் கூறுகின்றனர். ஒரே தகரம் இருவகையாகத் திரிந்தது என்னை? செருமானிய நூல்கள் எவற்றிலும் இதற்கு விடை இல்லை. விடை வேதத்தின் சுவரத்திலே இருந்தது. வேத வழக்கில் ப்ராதா என்பதற்கு உதாத்தசுவரம் முதலசையில் விழும். பிதா என்பதற்கு இறுதியசையில் விழும். தகரத்துக்கு முன்னர் உதாத்தம் நின்றவழி ஒரு திரிபும், நில்லாதவழி மற்றொரு திரிபும் நிகழ்ந்தன என்று 1877இல் வெர்னர் வெளியிட்டார். செருமானியர் அச்சுவரத்தை மறந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. நம் நாட்டு அத்தியயனஞ் செய்வோர், பொருள் தெரிந்தோ தெரியாமலோ, குரு சொன்னவாறே ஏற்றியும் இறக்கியும் ஓதிக் காத்தமையால், வடகடற்கரையிலுள்ள ஒரு மொழியின் முடிச்சு அவிழ்ந்தது. விலக்குக்கும் விதியுண்டு என்னும் துணிவு மொழிநூலார்க்கு அக்காலத்தே வேரூன்றிற்று.

தென்னாட்டு மொழிகளை இவ்வாறு நோக்கியவர்களுள் முன்நின்றவர், திருக்குறளிற் பேரன்பு பூண்ட எல்லிஸ் துரை. தெலுங்கு முதலியன வடமொழியினின்றும் பிறவாது தமிழோடு ஓரினமாயுள்ளன என்பதை 1816இலே ஒரு தெலுங்கு இலக்கணத்தின் முகவுரையில் வேர்ச்சொற்களை நிரல்படுத்தி நிறுவினார். 1856இலே கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் பாதிரியார் என்பதுபற்றி அந்நூலை நம்மவர் சிலர் தொடவும் அஞ்சுவர்; வேறு சிலரோ அவர் சொற்றதெல்லாம் வேதவாக்கு என்பர். இரண்டும் வேண்டா. ஒரு நூற்றாண்டின் பின் பரோ, எமனோ என்னும் இருவர் 1961இலே வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி கால்டுவெல் அறியாத மொழிகள் பலவற்றையும் அடக்கியது. 1984இலே திருத்திப் பதிப்பிக்கப்பட்டது. கணக்கியந்திரங்களின் துணைகொண்டு 2018இல் ஒரு கூட்டத்தார் இவ்வினத்தின் வயதை ஏறக்குறைய 4500 ஆண்டென மதித்தனர். அது மதிப்பேயன்றி அளவன்று என்பது எம் கருத்து. சொற்களின் நிரலே நமக்குப் போதும்.

இனி, முதலாம் மாணாக்கனுக்கு விடை கூறுவாம். எட்டும் எய்ட்டும் உறவா? இப்பொழுதுள்ள ஒலியை ஒப்பிடுதல் பயனின்று. இரண்டையும் அவ்வவற்றின் பழைய வடிவுக்குக் கொண்டுபோய் ஒப்பிடல் வேண்டும். எண்பது, எண்ணூறு, எண்மர் என்பவற்றை நோக்க, எட்டு என்பது எண் என்னும் பகுதி துவ்விகுதி பெற்றுத் திரிந்தது என்பது போதரும். ஆங்கிலச் சொல்லுக்கு உறவினர் இலத்தீனில் ஒக்தோ, வடமொழியில் அஷ்ட. எண் என்பதும் அஷ்ட என்பதும் ஒன்றையொன்று எவ்விடத்தில் ஒத்தன? பின்னோக்கிச் செல்லச் செல்ல அவை நெருங்காது விலகுகின்றன. ஒன்று, வன் என்னும் இணையும் இத்தன்மையதே. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ஆன் என ஒலித்தது. முதலிலுள்ள வகர ஒலி பிற்காலத்தே தோன்றியது. அதன் இனமாகிய அலோன், ஒன்லி என்னுஞ் சொற்களில் அவ்வகரம் இன்றளவும் இல்லை. பாரசீகத்திலே பத் என்பது தீயது என்று பொருள்படும்; ஆங்கிலத்திற் பேட் என்பதும் அப்பொருளதே; அவ்விரு மொழிகளும் ஓரினமுமாம். ஆயினும் அச்சொற்கள் இரண்டும் ஒன்றோடொன்று உறவில்லாதன. ஒலி ஒருங்கொத்தலையே சான்றாகக் கொள்பவனுக்கு இதனினும் ஒரு நல்ல பாடம் இல்லை.

தமிழின்மேல் வைத்த அன்பினால் இத்தகைய இணைகளைத் திரட்டிப் பத்திரிகைகளில் எழுதுவோரை யாம் வெறுக்கின்றிலேம். ஆயின் அன்பு சான்றாகாது. நாம் வகுப்பில் எட்டு எய்ட் என்று கற்பித்து அனுப்பும் பிள்ளை, நாளைக்குச் சர்வகலாசாலையிலே ஓரவையில் நின்று அதனைச் சொல்லி நகைக்கப்படுமாயின், அந்நகைப்புத் தமிழின்மேலும் விழும். அப்பிள்ளை தான் கற்ற மெய்யான பெருமைகளையும் அன்றே ஐயுறத் தொடங்கும்.

தமிழ் தாயென்னும் கூற்றை இன்னொரு வகையாலும் ஆராய்வாம். தமிழ் எஞ்ஞான்றுந் திரியாது நின்று, ஏனையவே திரிந்தனவாயின் அதனைத் தாயெனல் தகும். பகரத்தைப் பொறுத்தமட்டில் நாம் பழமையைக் காத்தோம் என்பது மெய். ககரத்தைப் பொறுத்தோ கன்னடர் காத்தனர், நாம் இழந்தோம். நம் செவி அவர்க்குக் கிவி; சேரி, கேரி; சிறு, கிறு; செம்மைக்கு இனமானது கெம்பு. இகர எகரங்களின் முன் நின்ற ககரம் நம் வாயிலே சகரமாயிற்று. அங்ஙனமாயின் கெடு, கிளி, கேள் என்பன ஏன் செடு, சிளி, சேள் ஆகவில்லை என்று கூர்த்த மாணாக்கன் வினாவுவான். வினாவினால் அவனை மெச்சுக. டகர ளகரங்கள் போன்று நா மேனோக்கி வளைந்து பிறக்கும் எழுத்து அடுத்து நின்றவழி ககரம் தப்பிப் பிழைத்தது. தெலுங்கிலே அத்தடையும் இல்லாமையால் கெடு என்பது செடு ஆயிற்று. கிளி என்பதற்கு இனமானது சிலுக.

இதனினும் வியப்பானது ஒன்று. ஆறு, உப்பு, ஈதல் என்னுஞ் சொற்கள் சங்க நூல்களிலும் இவ்வடிவினவே. இவற்றுக்கு முந்திய வடிவு உண்டென்று தமிழ் நூல் ஒன்றாலும் அறியோம். மத்திய இந்தியாவின் மலைகளிலுங் காடுகளிலும் வாழும் கோண்டர், ஆறு என்பதைச் சாருங் என்றும், உப்பைச் சோவர் என்றும், கொடுத்தலைச் சீ என்னும் பகுதியாலுங் கூறுகின்றனர். இவ்வாறு நிரல்பட வருதலால், இச்சொற்களின் முதலிற் பண்டு ஒரு சகரம் இருந்து நம் முன்னோர் வாயிற் கெட்டது என்பது துணிபு. நெடுங்காலம் எழுத்தறியாத கோண்டர் வாய், நம் ஏடுகளெல்லாம் எழுதப்படுமுன்னே இழக்கப்பட்டதொன்றைக் காத்து வைத்திருந்தது. அவருட் சில பகுதியாரிடத்து அச்சகரம் ஹகரமாகியும், இன்னுஞ் சில பகுதியாரிடத்து முற்றுங் கெட்டும் வருகின்றது. ஊருக்கு ஊர், சொல்லுக்குச் சொல், அத்திரிபு பரவிச் செல்லுமாற்றைப் பத்திரிராஜு கிருஷ்ணமூர்த்தி என்னும் ஆந்திர நாட்டு மொழிநூற்பேராசிரியர் 1998இல் விரித்து ஆராய்ந்தார். ஆகவே இவ்வினத்து மொழிகள் ஒவ்வொன்றும் ஒன்றைக் காத்து ஒன்றை இழந்தவை. தாய் ஒருத்தி இருந்தாள். அவள் எழுதாது மறைந்தாள். தமிழ் அவள் மக்களுள் நெடுங்காலத்து ஏடுகளை உடைய மகள். அது சிறுமையா?

இரண்டாம் வினா வீட்டுத் தமிழைப் பற்றியது. மிஷன் பாடசாலையொன்றிற் பயின்ற யாம் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தை நாடோறும் வாசிக்கக் கேட்டு வளர்ந்தேம். அதிலே ஹாத் என்றும் டத் என்றும் வருவன இன்று ஹாஸ் என்றும் டஸ் என்றும் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் நிகழ்ந்தது வளர்ச்சியென்றும், எம் ஊரார் பேச்சில் நிகழ்ந்தது சிதைவென்றும் அங்கே எமக்குச் சொல்லித் தந்தனர். நிகழ்ந்தது ஒன்றே, பெயர்தான் இரண்டு. அப்பெயரை நம் பாடசாலைகளும் இன்றளவும் கைவிடாமை வியப்பு.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை வீட்டிலே உவன், உது, உங்கை என்று பேசுகின்றது. இந்தியத் தமிழ்ப் படங்களையும் வானொலியையும் கேட்டுப் பழகிய சிலர் அதனை நாட்டுப்புறமென்று நகைப்பர். அகரம் சேய்மைக்கும் இகரம் அண்மைக்கும் உகரம் இடைமைக்கும் சுட்டாம் என்று தொல்காப்பியப் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கின்றோமே, அவ்வுகரச் சுட்டு நம் ஊர்ப் பேச்சில் உயிரோடிருக்கின்றது. தமிழகத்துப் பேச்சில் அது மறைந்து போயிற்று. காற்று, நேற்று என்பவற்றில் றகரம் இரட்டித்த ஒலியை நாம் நுனிநாவை அண்பல்லின் மேலே ஒற்றி ஒலிக்கின்றோம். ரகரங் கலந்து ஒலித்தல் நம் வழக்கன்று. மலையாளரும் நம்மைப் போலவே ஒலிப்பர். றகரம் பண்டு வல்லெழுத்தாகவே ஒலித்தது என்பதற்கு மொழிநூலார் காட்டுஞ் சான்றுகளுள் இதுவும் ஒன்று. பேசும் பிள்ளைக்குத் தான் ஒரு சான்று என்பது தெரியாது. தெரிவித்தல் நம் கடன்.

அன்றி, நம் பேச்சு முற்றும் பழமையே என்று செருக்குதலும் வேண்டா. வருகின்றேன் என்பது வாறன் ஆயிற்று, போகின்றேன், போறன், பார்க்கின்றேன், பாக்கிறன். ஏன் என்னும் தன்மை விகுதி அன் ஆதல் இச்சொற்களிலெல்லாம் ஒருபடித்தாய் வருதலைக் காண்க. பிழையாயின் ஒருவன் ஒருவாறும் மற்றவன் வேறுவாறும் பிழைப்பான். ஓரூரார் எல்லாரும் எல்லாச் சொல்லிலும் ஒருவாறே சொல்லுவது பிழையன்று, எழுதப்படாத இலக்கணம். நன்னூலாரும் காலத்தால் வரும் வேறுபாட்டை வழுவன்றெனத் தம் நூலுள் உடன்பட்டனர்.

அங்ஙனமாயின் கட்டுரையிலே வாறன் என்று எழுதினாலும் விட்டுவிடலாமோ எனின், ஆகாது. எழுத்துவழக்கு ஊர்தோறும் வேறுபட்ட பேச்சினரை ஒன்றுசேர்க்கும் பொதுவழக்கு. ஈராயிரம் ஆண்டின் நூல்களுக்கு அதுவே வழி. அதனை வழுவறக் கற்பித்தல் நம் தொழில். ஆயின் திருத்துமிடத்து, "இது பேச்சுவழக்கு, இவ்விடத்துக்கு எழுத்துவழக்கு வேண்டும்" என்று சொல்லுவது ஒன்று, "இது பிழைத் தமிழ், உன் வீட்டார் தமிழறியார்" என்று சொல்லுவது வேறொன்று. பின்னையதைக் கேட்ட பிள்ளை தமிழைத் திருத்திக்கொள்வதில்லை, வாயை மூடிக்கொள்ளுகின்றது.

ஆறாம் ஏழாம் வகுப்புக்களிலே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குதல் கூடும். கரும்பலகையில் இரண்டு நிரல் இடுக. முதல் நிரலிலே பால், பல், பத்து, புலி, பொன் என்று எழுதி, எதிரே அவற்றின் கன்னடச் சொற்களை எழுதுக. விதியை நீங்கள் சொல்லாதொழிக. பின் புழு, பகல், புல் என்று எழுதி எதிர்நிரலை வெறிதே விடுக. ஒரு நாளுங் கன்னடங் கேட்டறியாத பிள்ளைகள் ஹுளு, ஹகலு, ஹுல்லு என்பவற்றைத் தாமே ஏறக்குறையச் சொல்லிவிடுவர். அப்பொழுது உப்பு என்பதை எழுதி, எதிரே உப்பு என்றே எழுதுக; அவர் சிறிது திகைப்பர்; இடத்தை நோக்கும்படி சொல்லுக. ஈற்றிலே, பூசையைக் கன்னடர் பூஜெ என்பர் என்று எழுதி, அது ஏன் ஹூஜெ ஆயிற்றில்லை என்று வினாவி, மணியடிக்கும்வரை அவர்களைத் தம்முள் வாதிக்க விடுக.